பத்து லட்சம் ஓம்

உட்லண்ட்ஸ், மூன்றாம் மாடி, இரவு ஷிஃப்ட்.
மணிக்கட்டுப் பட்டையின் வடத்தைச் சோதனைப் பெட்டியில் செருகி
உலோக வட்டத்தில் விரலை வைக்கிறேன்.
பச்சை விளக்கு.
கதவு திறக்கிறது.
இரண்டு பேருந்து நிறுத்தம் தள்ளிச் சோதனைச்சாவடியில்
கடத்துகிறவர்களைப் பிடிக்கிறார்கள்.
இங்கே
கடத்தாதவர்களை உள்ளே விடுவதில்லை.

இந்த ஊர்க் காற்றைப் பிழிந்தால் சொட்டும்.
சீப்பு சீவியதை, நாற்காலி தேய்த்ததை,
சட்டை கழற்றும்போது சேர்ந்ததை எல்லாம்
ஈரம் வந்து சத்தமில்லாமல் வாங்கிப் போய்விடும்.
சோலில் படித்துவிட்டு வந்த ஹுய் ஷான்
அங்கே குளிர்காலத்தில் கதவுப்பிடி கடிக்கும் என்றபோது
நான் சிரித்தேன்.
கடிபட வேண்டுமென்றால்
எங்கள் அறைக்குள் வரவேண்டும்.

உள்ளே காற்றை உலர்த்தி, அளந்து விடுகிறார்கள்.
தொட்டுப் பிரிவதிலிருந்துதான் எல்லாம் தொடங்குகிறது:
காலணி தரையை விட்டு,
ஒட்டுநாடா தன் சுருளை விட்டு.
பிரிகிற நேரத்தில் ஒன்று கொஞ்சம் எடுத்துக்கொள்ளும்,
மற்றது அதே அளவு இழந்து நிற்கும்.
எலக்ட்ரானுக்குப் போக வழி இருந்தால் போய்விடும்.
வழியில்லாத இடத்தில் உட்கார்ந்துவிடும்,
பிளாஸ்டிக் தட்டில், நுரையில்,
கோப்பு உறையில்.
அவற்றை எந்தக் கம்பியால் மண்ணோடு கட்டியும் பயனில்லை;
அயனிக் காற்றை மேலே ஊதிச்
சமாதானம் செய்யவேண்டும்.

என்னைக் கட்டலாம். நான் உப்புத் தண்ணீர்.
கட்டுகிற வடத்துக்குள்
பத்து லட்சம் ஓம் தடை ஒன்றை வைத்திருக்கிறார்கள்.
வெறும் செம்பு எல்லாவற்றையும் கடத்தும்,
என்னைக் கொல்ல வருவதையும்.
ஆகவே மெதுவாக.
வடியட்டும், ஆனால் பாயவேண்டாம்.

மூவாயிரம் வோல்ட் ஏறினால்தான்
விரல் சுரீர் என்னும்.
சிப்புக்கு நூறே போதும்.
நடுவில் உள்ளதில்
எத்தனையைத் தொட்டேனோ, தெரியாது.
செத்தது சோதனையில் விழுந்துவிடும், அது நல்லது.
பாதி சுட்டது தேறிவிடும்.
பெட்டியில் ஏறும், கப்பலில் போகும்.

ஜூலையில் ஒன்று திரும்பி வந்தது.
யாரோ ஒருவர் காரில் நான்கு மாதம் வேலை செய்துவிட்டு
நடுச்சாலையில் நின்றதாம்.
மூடியை அமிலத்தில் கரைத்து
நுண்ணோக்கியின் கீழ் வைத்தோம்.
ஓர் ஓரத்தில் அம்மைத் தழும்பு போல் ஒரு குழி.
எண்ணைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கி நடந்தால்
மார்ச், இரவு, நான்காம் மேசை.
என் பணி எண்.

வடத்தை அறுத்துப் பார்த்தேன்.
வெளியே நீலத் தோலில் கீறல்கூட இல்லை.
உள்ளே செம்பு இழைகள்
வளைவில் முறிந்து கிடந்தன.
தளர்ந்திருந்தால் ஒன்றையொன்று தொடும்.
கை நீண்டால் விடும்.
பெட்டிக்குப் பக்கத்தில் நின்றபோதெல்லாம் பச்சை.
வேலைக்குக் கை நீட்டியபோதெல்லாம்
நான் யாரோடும் சேர்ந்திருக்கவில்லை.

படிவத்தில் 'மூல காரணம்' என்று ஒரு கட்டம்.
"வடம்னு போடு தவமலர், ஆள் வேண்டாம்,"
என்றாள் அஸ்லிண்டா.
வடம் என்று போட்டேன்.
பேனாவை எடுக்காமல் சற்று நேரம் வைத்திருந்ததில்
ஒரு பொட்டு பெரிதாகிவிட்டது.

காலை ஏழரைக்கு வெளியே வந்தால்
ஜொகூர்ப் பக்கம் வானம் இரவெல்லாம் உரசிச் சேர்த்ததை
ஒரே அடியாய்க் கொட்டிக்கொண்டிருந்தது.
அதற்கு யாரும் தடை வைக்கவில்லை.
நிறுத்தத்தின் ஈரக் கம்பியைப் பிடித்தேன்.
ஒன்றும் இல்லை.
அந்த ஒன்றுமில்லாமையை
முதல்முறை கவனித்தேன்.

இப்போது சோதனைப் பெட்டியிலிருந்து
மூன்றடி தள்ளி நிற்கிறேன்,
வடத்தை முழுக்க இழுத்து,
எட்டாத விளக்கை எட்டிப் பார்ப்பவள்போல்.
வட்டத்தை அழுத்த விரல் எட்டுவதில்லை.
ஹுய் ஷான் அழுத்துகிறாள்,
என் மற்றொரு கையைப் பிடித்துக்கொண்டு.
அவள் வழியாகவும் போகிறது.
பின்னால் வரிசை முணுமுணுக்கிறது.